கடல்மல்லையின் மணற்கோயில்

செங்கற்பட்டில் நிகழ்ந்த திங்கட்கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்

‘மண்ணின் கலையும் நம் அடையாளமும்’ என்னும் தலைப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். கடல்மல்லைக்கு இத்துணை அருகில், செங்கற்பட்டில் கூடிய ஓர் அவையில் இத்தலைப்பைக் கொடுத்தால் பேசுகிறவன் என்ன பேசுவான் என்பது உங்களுக்குத் தெரியும். பாறையைக் குடைந்த பல்லவர்தம் உளியைப் போற்றுவான். ஐந்து தேர்களை வியப்பான். 1984-ஆம் ஆண்டு யுனெசுகோ அவற்றை உலக மரபுச் சின்னமாக ஏற்றதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவான். தமிழன் பெருமையை முழங்கிவிட்டு அமர்வான். நானும் முப்பதாண்டுக் காலம் அவ்வாறே பேசிவந்தவன். என் மாணவர்களையும் அவ்வாறே பேசப் பயிற்றினேன். அவர்கள் பரிசும் வாங்கினார்கள். இன்று நான் செய்த ஒரு பிழையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அப்பிழை என் ஒருவனுக்கே உரியதா, நம் இயக்கத்தார்க்கும் அதில் பங்குண்டா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஊர்ப்பெயரிலிருந்து தொடங்குகிறேன். புலவன் அல்லவா, பெயரைக் கண்டால் சும்மா விடமாட்டான். அரசுப் பதிவில் இன்று மாமல்லபுரம். சுற்றுலாக்காரர் வாயில் மகாபலிபுரம். ஆழ்வார்களின் பாட்டில் கடல்மல்லை. மாமல்லன் என்பது நரசிம்மவர்மனின் பட்டப்பெயர். அரசன் பெயர் ஊரின்மேல் ஏறி அமர்ந்துகொண்டது. கடல்மல்லை பாட்டில் மட்டும் தங்கிற்று. ‘இப்பெயரை யார் வைத்தார்?’ என்று கேட்கும் பழக்கம் நம்மவர்க்கு உண்டு. தெருப்பெயர், ஊர்ப்பெயர், பிள்ளைப்பெயர் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. நல்ல பழக்கந்தான். அக்கேள்வியை ஒருமுறை நம்மை நோக்கியே திருப்பிப் பார்ப்போம்.

மாசித் திங்கள் முழுநிலவன்று கடல்மல்லைக் கரைக்குப் போயிருக்கிறீர்களா? நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு கடற்கரைக் கோயிலுக்குள் போவதைக் கேட்கவில்லை. கோயிலை அடுத்து விரிந்து கிடக்கும் மணலைக் கேட்கிறேன். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களிலிருந்து இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக அங்கே வந்து இறங்குகிறார்கள். கழிகளை நட்டு, பழஞ்சேலைகளைச் சுற்றிக் கூடாரம் அமைக்கிறார்கள். மாலை வெயிலில் அத்தனை சேலைகளும் காற்றில் உப்பி நிற்கும் அழகை எந்த ஓவியக்காட்சியிலும் நான் கண்டதில்லை. அவர்கள் தெய்வம் கன்னியம்மன். கன்னியர் எழுவர் என்றும் சொல்வார்கள். அம்மன் சினங்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள், அவளைத் தணிவித்து அழைத்துவரவே நாங்கள் வருகிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. விடியற்காலையில் அலை தொடும் ஈரமணலில் ஏழு படிகள் அமைக்கிறார்கள். பூவும் பழமும் தேங்காயும் வைத்து விளக்கேற்றுகிறார்கள். அருள்வந்து ஆடுகிறவர் குறி சொல்கிறார். அங்கேயே பெண் கேட்கிறார்கள். அங்கேயே திருமணம் முடிக்கிறார்கள். குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்துகிறார்கள். கதிரவன் மேலேறும்போது படிகளைக் கடல் கொண்டுபோகிறது. அடுத்த மாசியில் மீண்டும் அமைக்கிறார்கள்.

மண்டகப்பட்டுக் குடைவரையில் மகேந்திரவர்மன் வடமொழியில் ஒரு பெருமிதச் செய்தியை வெட்டிவைத்திருக்கிறான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், மாழை இல்லாமல், சுதை இல்லாமல் இக்கோயிலை எடுத்தேன் என்பது அதன் கருத்து. ஏழாம் நூற்றாண்டுச் செய்தி. வரலாற்று நூல்களிலெல்லாம் இடம்பெற்றுவிட்டது. இருளர் எடுக்கும் கோயிலிலும் இந்நான்கும் இல்லை. அரசன் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆகவே பாடநூலில் அதற்கு இடமில்லை.

2004-ஆம் ஆண்டு திசம்பரில் ஆழிப்பேரலை வந்து போனபின், மல்லைக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் மணல் அரிக்கப்பட்டு ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அதைப் பின்பற்றி 2005 முதல் தொல்லியல் துறையார் அகழ்ந்தபோது, பல்லவர் காலக் கட்டடத்துக்கும் அடியில் செங்கல்லால் ஆன பழைய முருகன் கோயில் கிடைத்தது. கல்லில் செய்த வேல் ஒன்றும், குரவைக்கூத்தை நினைவூட்டும் சுடுமண் பலகை ஒன்றும் கிடைத்தன. கழகக் காலத் தமிழன் கோயில் என்று நாமெல்லாம் துள்ளினோம். துள்ளியது தவறன்று. ஆயினும் கடல்கொண்ட கோயிலைத் தோண்டிக் கண்டு மகிழ்ந்த நமக்கு, அதே கரையில் ஆண்டுதோறும் கடல்கொள்ளும் கோயில் ஒன்று உயிரோடு எழுவது கண்ணில் படவில்லையே!

தமிழ் படித்தவனுக்கு இது இன்னும் பெரிய இழுக்கு. நெய்தல் நிலத்து மகளிர் கடற்கரை மணலில் சிற்றில் இழைத்து விளையாடியதை, வண்டற்பாவை செய்ததை, அலை வந்து அவற்றைச் சிதைத்ததைக் கழகப் பாடல்கள் எத்துணை இடங்களில் சொல்கின்றன! வெறியாட்டு நிகழும் களத்தில் மணல் பரப்பியதைச் சொல்கின்றன. பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் என்று ஒரு பருவமே வகுத்தார்கள் நம் முன்னோர். இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ‘குறிப்பு வரைக’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டவன் நான். மணலில் இழைத்த சிற்றில் என் பள்ளிச் சுவருக்கே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அக்கதையைச் சொல்கிறேன். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளியில் பணியாற்றினேன். ஊர்ப்பெயரும் பள்ளிப்பெயரும் இங்கே வேண்டா. ஏழாம் வகுப்பில், ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து வரும் இருளர் சிறுவன் ஒருவன் இருந்தான். பாடத்தில் பின்தங்கியவன், அல்லது நாங்கள் அவ்வாறு எழுதிவைத்திருந்தோம். ஒருநாள் பள்ளியின் பின்சுவரில் அடுப்புக்கரியால் ஏழெட்டு முழ நீளத்துக்கு வரைந்துவிட்டான். ஏழு படிகள். படிகளின்மேல் ஏழு பெண்கள். தலைக்கு ஒரு வட்டம், உடலுக்கு இரண்டு கோடு. பக்கத்தில் சேலைக் கூடாரங்கள். சேலைகளின் கரையை மட்டும் ஒன்றைப்போல் ஒன்றில்லாமல் கட்டமும் கோடும் புள்ளியுமாக இழைத்திருந்தான். மேலே நிலவு. அந்த நிலவை அவன் வரையவில்லை. சுற்றிலும் கரியை அப்பி, சுவரின் வெண்மையை வட்டமாக விட்டுவைத்திருந்தான். இன்று நினைத்துப் பார்த்து இவ்வளவும் சொல்கிறேன். அன்று என் கண்ணில் பட்டது அழுக்கான சுவர் ஒன்றுதான்.

மறுவாரம் ஆய்வுக்கு மேலலுவலர் வரவிருந்தார். சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். வாளி தூக்கி நிற்க அச்சிறுவனையே நிறுத்தினேன். தண்டனை என்று எண்ணவில்லை. செய்தவனே துடைக்கட்டும் என்று எண்ணினேன். பிறகு என் மனம் இளகிற்று. அல்லது இளகியதாக எண்ணிக்கொண்டேன். ஓர் ஓவியச்சுவடியும் வண்ணக்கோல்களும் வாங்கிக் கொடுத்து, ஐந்து தேர்களின் படத்தையும் கையில் தந்து, “தம்பி, உனக்குக் கை நன்றாக வருகிறது. கண்டதை வரையாதே. இதைப் பார்த்து வரை. இது நம்முடைய கலை” என்றேன்.

நான்கு நாளில் வரைந்து வந்தான். அளவு பிசகாமல் அப்படியே இருந்தது. தலைமையாசிரியர் அறையில் மாட்டினோம். அதைக் கொடுத்துவிட்டுப் போகும்போது அவன் கேட்டான்:

“ஐயா, அது எங்க கன்னிம்மா ஊடு. இது யாரு ஊடு?”

நான் அவனுக்குப் பல்லவர் வரலாறு சொன்னேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு இன்றும் தெளிவாகவில்லை. ஐந்து தேர்களும் வேலை முற்றுப்பெறாமல் நின்றுபோனவை. எவரும் குடிபுகாத வீட்டைக் காட்டி ‘இது நம்முடையது’ என்று சொன்னவனிடம், குடியிருக்கும் வீட்டைச் சுவரில் வரைந்தவன் கேட்ட கேள்வி அது.

இதே நிலப்பரப்பில் நகர்க்கலைஞரும் ஒரு காலத்தில் இக்கேள்வியைக் கேட்டுக்கொண்டார்கள். சென்னை ஓவியப்பள்ளி 1850-இல் வெள்ளைக்கார மருத்துவர் அண்டர் தொடங்கியது. அங்கே பயின்ற இளைஞர்கள் 1960-களில், பாரிசைப் பார்த்து வரைவதா, வங்கத்தைப் பார்த்து வரைவதா, நமக்கென ஒரு கோடு கிடையாதா என்று தவித்தார்கள். அப்பள்ளி முதல்வர் கே. சி. எசு. பணிக்கர் தலைமையில் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் மணற்காட்டை விலைக்கு வாங்கிக் குடியேறினார்கள். அதுவே சோழமண்டலம் ஓவியர் ஊர். துணியில் மெழுகுச்சாய ஓவியம் போட்டும் கைவினைப்பொருள் செய்தும் விற்று, அரசின் கையை எதிர்பாராமல் நிலத்துக்கும் சோற்றுக்கும் தாமே வழிதேடிக்கொண்டார்கள். அத்தன்மானத்தை நான் மதிக்கிறேன். பெயரில் மட்டும் எனக்குச் சிறு வழக்கு உண்டு: ஈஞ்சம்பாக்கம் இருப்பது தொண்டைமண்டலம் ஐயா, சோழமண்டலம் அன்று! வெள்ளையன் கடற்கரை முழுமைக்கும் இட்ட பெயரைத் தமிழாக்கிக்கொண்டார்கள். போகட்டும்.

பணிக்கர் எழுத்துப்போல் தோன்றி எழுத்தாகாத குறிகளாலும் சாதகக் கட்டங்களாலும் ஓவியத்தை நிரப்பினார். ஆதிமூலத்தின் கோடுகளை நம் தமிழிதழ்களின் வழியே நீங்கள் அறிவீர்கள். சுல்தான் அலி நடு இந்தியக் காட்டுமக்களின் உருவங்களிலிருந்து தம் ஓவியமொழியை ஆக்கிக்கொண்டார். எல்லாரும் பெருங்கலைஞர்கள், ஐயமில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ‘நம் மண்ணின் குறி எது?’ என்று அவர்கள் தேடிய காலத்தில், அதே கடற்கரையில் தெற்கே ஒருநாள் நடைத்தொலைவில் இருளர் ஆண்டுதோறும் மணலில் அக்குறியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழங்குடியின் உருவம் நகரத்து ஓவியத்துக்குள் வந்தது. பழங்குடியின் கை வரவில்லை. 1957 முதல் மல்லையில் அரசின் சிற்பப் பயிற்சி நடந்துவருகிறது. மல்லைக் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உளிக்கு அடையாளம் கிடைத்துவிட்டது. மணலுக்கு யார் கொடுப்பார்?

வேறு நாடுகளில் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஆத்திரேலியாவின் நடுப்பாலையில் பாப்புன்யா என்றொரு குடியேற்றம். பல்வேறு தொல்குடியினரை அரசு கொண்டுவந்து ஒன்றாகக் குவித்த இடம். 1971-இல் அங்கிருந்த பள்ளிக்குச் செப்ரி பார்டன் என்னும் இளம் ஆசிரியர் வந்தார். நம்மைப்போல் ஒரு வாத்தியார்தான். பள்ளிச்சுவரில் வரையும்படி அக்குடி முதியோரை ஊக்கினார். அவர்கள் தங்கள் மூத்தோர் கதையில் வரும் தேனெறும்பை வரைந்தார்கள். முதலில் வெள்ளையர் பாணியில், கண்ணுக்குத் தெரிகிறபடி எறும்பு வரைந்தார்களாம். ‘இது உங்கள் எறும்புதானா?’ என்று கேட்டார் பார்டன். அதன்பின் அவர்கள் தங்கள் குறியாலேயே தேனெறும்பை எழுதினார்கள். அதுவரை மணலிலும் மேனியிலும் மட்டும் எழுதப்பட்ட குறிகள் சுவருக்கும் பலகைக்கும் ஏறிய தொடக்கம் அது. 1972-இல் அவ்வோவியர்கள் தமக்கென ஒரு நிறுவனம் அமைத்துக்கொண்டார்கள். பின்னாளில் அவ்வோவியங்கள் உலகக் காட்சியகங்களில் இடம்பெற்றன. அந்தப் பள்ளிச்சுவர் என்னவாயிற்று தெரியுமா? 1974-இல் அதன்மேல் வெள்ளை அடித்துவிட்டார்கள். இச்செய்தியை நான் முதன்முதல் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பார்டன் அவர்களிடம் கேட்டதை என் மாணவன் என்னிடம் கேட்டான். வெள்ளை அடித்தவன் பக்கத்தில் நான் நின்றேன்.

நம் நாட்டுச் செய்தியும் ஒன்றுண்டு. கோண்டர்களுக்குப் பாணராக விளங்கிய பர்தான் குடியினர், நரம்பிசைக் கருவியோடு வீடுவீடாகச் சென்று அவர்கள் குலவரலாற்றைப் பாடி வாழ்ந்தவர்கள். பாணர் மரபு நமக்கு அயலானதா என்ன? அக்குடியில் பிறந்த சங்கர்சிங் சியாம் என்னும் இளைஞரின் சுவரோவியத்தைப் பாட்டன்கட் என்னும் சிற்றூரில் கண்டு, ஓவியர் சுவாமிநாதன் அவரைப் போபாலுக்கு அழைத்துக்கொண்டார். 1982-இல் அங்கே பாரத் பவன் திறக்கப்பட்டது. பாட்டு புள்ளியாகவும் கோடாகவும் தாளில் இறங்கிற்று. 1989-இல் பாரிசு நகரத்துப் பெருங்காட்சியில் அவர் ஓவியம் இடம்பெற்றது. 2001-இல் சப்பான் நாட்டில், வேலைக்குச் சென்ற இடத்தில், இளவயதிலேயே அவர் வாழ்வு முடிந்தது. அக்கதை முழுதும் இனிப்பானதன்று என்பதை மறைக்கக்கூடாது. அவர் உறவினரான பச்சு சியாம், உணவகம் ஒன்றின் சுவரில் வரைய இலண்டனுக்குப் போனார். திரும்பிவந்து, கண்ட ஊரைத் தம் குடியின் கண்ணால் வரைந்தார். இலண்டன் பேருந்து நாயாகிவிட்டது, மணிக்கூண்டு சேவலாகிவிட்டது. அந்நூலை 2004-இல் வெளியிட்டது நம் சென்னையிலுள்ள தாரா பதிப்பகம்.

பேருந்தை வரைந்ததால் அவர் கோண்டர் ஆகாமல் போய்விட்டாரா? நம்மவரிடம் ஒரு நோய் இருக்கிறது. பழங்குடி என்றால் பழமையாகவே இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நாம் மட்டும் கணினியில் தமிழ் அச்சிடலாம். மிதிவண்டியிலிருந்து மகிழுந்துக்கு மாறலாம். அதனால் நம் தமிழ்மை குன்றாது. இருளர் வீட்டுப் பெண் கைப்பேசி வைத்திருந்தால், ‘இவர்களும் மாறிவிட்டார்கள்’ என்று பெருமூச்சு விடுகிறோம்.

அதிலும் பாம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டோம். இருளர் பாம்பறிவு உலகறிந்தது. அதை நான் குறைக்கவில்லை. 1970-களில் பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பு அற்றபின், 1978-இல் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வடநெம்மேலியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, மருந்து செய்வோர்க்குக் கொடுக்கிறார்கள். பாம்பு தீண்டியவர் எத்தனையோ பேரின் உயிர் அவர்கள் கைத்திறனால் நிற்கிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர்க்கும் பத்மசிறீ விருது கிடைத்தது. மூலிகை அறிவைக் காக்க 1986-இல் இருளர் பெண்கள் நலச் சங்கம் தண்டரையில் தோன்றியது. இவை யாவும் பெருமைக்குரியவை. ஆனால் அவர்களை வேறு ஒன்றாகவும் இருக்கவிடமாட்டோம் என்றால் என்ன பொருள்? ‘செய்பீம்’ என்னும் திரைப்படம் 2021-இல் வந்தபிறகுதான் நம்மில் பலர் இருளர் என்னும் சொல்லையே கூட்டங்களில் ஒலித்தோம். அதிலும், அப்படத்துக்கு அடிப்படையான 1993-ஆம் ஆண்டு வழக்கில் துன்புற்றவர்கள் குறவர் குடியினர் என்பதைச் சொன்னவர் சிலரே.

இன்னொன்று. அவர்களுக்கு வில்லியர் என்றும் இப்பகுதியில் ஒரு பெயர் உண்டு, வில்லுக்குரியவர். மல்லையில் அருச்சுனன் தவம் எனப்படும் பெரும்பாறைச் சிற்பத்தை அடுத்தமுறை பார்க்கும்போது இடப்புறம் நோக்குங்கள். கடவுளரும் முனிவரும் நிறைந்த அக்கூட்டத்தில் வில்லேந்திய வேடரும் இருக்கிறார்கள். நடுப்பிளவில் படமெடுத்த நாகர் எழுகின்றனர். அவ்வேடர்தாம் இவ்விருளர் என்று நான் சொல்லவரவில்லை. சான்றில்லாததைச் சொல்வது புலவனுக்கு அழகன்று. பல்லவச் சிற்பி தன் பாறையில் காட்டுமக்களுக்கு இடம் விட்டிருக்கிறான் என்பதை மட்டும் சொல்கிறேன். நம் அவையில் இடம் விட்டிருக்கிறோமா? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர். இந்த மாவட்டத்தில் எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் இருக்கிறார்கள். ‘மண்ணின் மைந்தர்’ என்று இந்த மேடையிலிருந்து எத்தனையோ முறை முழங்கியிருக்கிறோம். குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டா இல்லாத மைந்தர் எத்தனை பேர் இன்று இந்த அரங்கில் அமர்ந்திருக்கிறார்கள்? நான் உள்ளே வரும்போது பார்த்தேன். ஒருவரும் இல்லை.

அம்மாணவனுக்கு வருகிறேன். பத்தாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. மேலே படிக்கவும் உதவித்தொகை பெறவும் இனச்சான்று வேண்டும். சான்று கேட்டுப் போன இடத்தில், ‘பாம்பு பிடிக்கத் தெரியுமா?’ என்று கேட்டார்களாம். ‘தெரியாது, படம் வரையத் தெரியும்’ என்றிருக்கிறான். சிரித்திருக்கிறார்கள். அதன்பின் அவன் போகவில்லை. சிலகாலம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினான். தூரிகையால் எழுதும் பலகைக்கு மாற்றாக நெகிழிப் பதாகை வந்தது, அப்பிழைப்பும் போயிற்று. சென்ற மாசியில் மல்லை மணலில் அவனைப் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்தது. கற்பட்டறை ஒன்றில் மெருகேற்றும் வேலை. இருமிக்கொண்டேதான் பேசினான். கல்தூசு. “ஐயா, நீங்க குடுத்த நோட்டு இன்னும் கீது” என்றான். நான் தலைகுனிந்து நின்றதை அவன் பார்த்தானோ இல்லையோ, பக்கத்தில் நின்ற அவன் மகள் பார்த்தாள். அவள் இப்போது நான் பணியாற்றும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அவள் அவன் மகள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

விடுமுறை முடிந்ததும் பள்ளியின் பக்கச்சுவரை அவளுக்கும் அவள் தோழியர் மூவர்க்கும் விட்டுக்கொடுக்கச் சொன்னேன். தலைமையாசிரியர் இசைந்தார். வண்ணப்பொடியும் தூரிகையும் வாங்கினோம். என்ன வரையவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது முப்பதாண்டு வாத்தியாருக்கு எளிதன்று, நீங்கள் நம்பவேண்டும். ஏழு படிகளை எதிர்பார்த்திருந்தேன். படிகள் வந்தன, ஆனால் பேருந்துப் படிகளாக. செங்கற்பட்டிலிருந்து மல்லைக்குப் போகும் பேருந்து ஒன்று. அதில் ஏழு கன்னியரும் சன்னலோரம் அமர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி கழுத்தில் பள்ளி அடையாள அட்டை. ஒருத்தி கைப்பேசியில் பேசுகிறாள். ஒருத்தி மடியில் பாம்புக்கூடை. ஒருத்தி மடியில் கல்மெருகு எந்திரம். பேருந்தின் மேல்புறம் முழுதும் சேலைக்கரை. சக்கரத்தின் கீழே கடல். அக்கரைகளை நான் முன்பே ஒரு சுவரில் பார்த்திருக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வாளியோடு நின்றவன் மகளுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

நம் தோழர் ஒருவர் வந்து பார்த்தார். இங்கேதான் அமர்ந்திருக்கிறார், பெயர் சொல்லவில்லை. “இது மரபுக்கலை ஆகாதே, தெய்வத்தைப் பேருந்தில் ஏற்றலாமா?” என்றார். அவர் கடிந்து பேசவில்லை, அன்போடுதான் கேட்டார். நான் அவருக்கு அங்கே விடை சொல்லவில்லை. அப்பெண்ணே சொன்னாள்: “எங்க கன்னிம்மா எங்க கூடத்தான் வருவா. நாங்க பஸ்ல போறோம்.” பேருந்து என்று திருத்த வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். ஓவியத்தின் நெற்றியில் ‘கன்னிம்மா’ என்றுதான் எழுதியிருக்கிறாள். கன்னியம்மா என்று இருக்கவேண்டும். அதையும் நான் திருத்தவில்லை. புலவன் என்னை மன்னிப்பானா என்று தெரியவில்லை, சுவர் அவர்களுடையது.

நேரம் ஆகிவிட்டதாகத் தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். இரண்டு செய்தி சொல்லி அமர்கிறேன். வரும் மாசியில் மல்லைக்குப் போக விரும்புகிறவர்கள் போங்கள். ஆனால் கொடியும் ஒலிபெருக்கியும் பதாகையும் வேண்டா. படிகளை நிழற்படம் எடுப்பதற்குமுன் அமைத்தவர்களைக் கேளுங்கள். இரண்டாவது, அப்பெண் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு. தந்தைக்குச் சான்று இல்லாததால் மகளுக்கும் இன்னும் இனச்சான்று கிடைக்கவில்லை. பழங்குடியினர் சான்றைக் கோட்டாட்சியர்தாம் வழங்கவேண்டும். அதற்கு வேண்டிய படிவமும் உறவினர் சான்றுகளும் திரட்டவேண்டியிருக்கிறது. அந்தக் குடியிருப்பில் அவளைப்போல் இன்னும் பதினொரு பிள்ளைகள். வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர்கள் இருவர் இங்கே வந்திருப்பதைப் பார்க்கிறேன். கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். தாள்களையெல்லாம் பையில் கொண்டுவந்திருக்கிறேன்.